ஐந்து நொடி

பாயான் லெப்பாஸில் மூன்றாம் மாடி. குளிரூட்டியின் இரைச்சல்.
இரண்டு சர்வருக்கும் பெயர் வைத்தவன் ஹொக் செங்:
ஒன்று பாலம், மற்றது பெர்ரி.
தீவுக்கு வர வேறு வழி ஏது என்றான்.
இரண்டாவது பாலத்தை அவன் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ரத்த வங்கியின் இருப்புக் கணக்கு பாலத்தின் முதுகில்.
பெர்ரிக்கு விழித்திருப்பது மட்டும்தான் வேலை.
இரண்டும் நொடிக்கொரு முறை
வாசலில் இருக்கும் ரவுட்டரைத் தட்டிக் கேட்கும்,
இருக்கிறாயா?
பதில் வந்தால் பொதுப் பலகையில்
தன் பெயருக்கு எதிரே நூறு. வராவிட்டால் சுழியம்.
நூறு எங்கேயோ சுமை அங்கே.
நீதி அவ்வளவுதான்.

நேற்று மழையில் ரவுட்டர் கண்சிமிட்டியது.
பாலம் முதலில் கவனித்தது. உடனே எழுதியது, சுழியம்.
பெர்ரியும் அதே இருட்டில்தான் நின்றது,
அது தட்டிப் பார்க்கும் முறை வர
அரை நொடி பாக்கி.
பலகையில் இன்னும் நூறு, பழைய நூறு.
அந்த அரை நொடிக்குள் தீர்ப்பு.
ஏந்திய கையோடு பெர்ரி தன் சுழியத்தை எழுத,
அதற்குள் பாலத்துக்குப் பார்வை திரும்ப,
மறுபடி அக்கரை. மறுபடி இக்கரை.
இரண்டு பதினேழிலிருந்து மூன்று மணிக்குள்
பதினொரு தடவை.

பாலிக் பூலாவிலிருந்து ஒரு தாதி அழைத்தார்.
"ஓ நெகட்டிவ் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.
இங்க ஸ்கிரீன்ல வட்டம் சுத்துது."
என் திரையிலும் அதுதான் சுற்றியது.
சொல்லவில்லை.

பழுது என்று விரல் நீட்ட எதுவும் இல்லை.
பாலம் பொய் சொல்லவில்லை.
பெர்ரியும் சொல்லவில்லை.
ஒன்று மற்றதைவிட முந்திக்கொண்டது.

ஒரு வரி சேர்த்தேன்.
தெரிந்ததும் எழுதாதே, ஐந்து நொடி பொறு,
பக்கத்தில் நிற்பதற்கும் தெரியட்டும்.
இரண்டுமே குருடென்றால்
சுமை எங்கே போய் என்ன பார்க்கப் போகிறது?

மூன்று நாற்பதுக்கு மறுபடி சிமிட்டல்.
ஒன்று. இரண்டு. பாலம் வாயைத் திறக்கவில்லை.
மூன்று.
நான்கில் வெளிச்சம் வந்துவிட்டது.
பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்,
அந்த நிமிடத்துக்கு எதிரே ஒரு வரிகூட இல்லை.

போன வருடம் பெரியாஸ்பத்திரியில்
சன்னாசி சித்தப்பாவின் கட்டிலைச் சுற்றித்
திரையை இழுத்தார்கள்.
வராண்டாவில் நின்ற ஜீவிதன்
குடும்பக் குழுவில் தட்டிவிட்டான்: சித்தப்பா போய்ட்டார்.
நான்கு நிமிடத்தில் பத்தொன்பது கைகூப்பல்.
தைப்பிங்கில் மாலைக்குச் சொல்லியாகிவிட்டது.
திரை விலகியபோது உடம்பு துடைத்து, சட்டை மாற்றி,
அவர் மைலோ கேட்டுக்கொண்டிருந்தார்.
செய்தியை அழித்தான் ஜீவிதன்.
ஈப்போ வேன் அதற்குள் ஜூரு டோலைத் தாண்டிவிட்டது.
வந்தவர்களுக்கு மீகூன் கிண்டிப் போட்டாள் சித்தி,
யாரோடும் பேசாமல்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய், காலை ஆறரை.
இந்த முறை உண்மை.
ஜீவிதன் எழுதவில்லை. அவன் அக்காவும் எழுதவில்லை.
யாராவது முதலில் சொல்லட்டும் என்று
எல்லாருமே போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒன்பது மணி வரைக்கும் குழுவில்
யாரோ அனுப்பிய ரோஜாப்பூ, காலை வணக்கம்.
ஈப்போவிலிருந்து கிளம்பியவர்கள்
முகம் பார்க்க முடியவில்லை.

அறிக்கையை வாசித்துவிட்டு ஹொக் செங் கேட்கிறான்,
கெனாப்பா லீமா? ஏன் ஐந்து?
நாலு ஏன் போதாது, பத்து ஏன் கூடாது?
காரணம் என்ற கட்டத்தில்
அனுபவம் என்று தட்டினேன். அழித்தேன்.
சோதனை முடிவு என்று தட்டினேன்.
ஜன்னலுக்கு வெளியே முதல் விமானம்
சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழ்வாக வருகிறது.
அதையும் அழித்தேன்.